கோட்டையைச் சுற்றி நாலு தெரு: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஜப்பானின் மட்சுயே ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகள் அங்கே ஷிமானே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்காக இருந்தபோது பேரனைப் பார்த்துக்கொள்ள நானும் என் வீட்டுக்காரியும் போனோம். 2018 கடைசியில் நாலு மாதம், 2019 கோடையில் மூன்று மாதம். மதுரையில் 31 வருஷம் சர்வேயராகச் சங்கிலி இழுத்தவன் நான். புது ஊருக்குப் போனால் கால் சும்மா இருக்காது. காலை ஐந்தரைக்குக் கிளம்பிப் பேரன் எழுந்திருப்பதற்குள் ஒரு தெருவை முடித்துவிடுவேன். கடிதங்களில் ஒன்பதை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (சோழவந்தான் வாசகர்): மார்ச்சில் ஒசாகாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறோம். சுற்றிப் பார்க்க இரண்டு நாள்தான் கிடைக்கும். ஹிமேஜி கோட்டை பக்கத்திலேயே இருக்கும்போது மட்சுயே வரைக்கும் போக வேண்டுமா?

ஹிமேஜியையும் பாருங்கள். ஒசாகாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் 1945-ல் விழுந்த குண்டில் கோட்டை தப்பித்ததே தவிர, அதைச் சுற்றி இருந்த ஊர் எரிந்துபோனது. கோட்டையை விட்டு இறங்கினால் புது ஊர்தான்.

மட்சுயேயில் கோட்டை, அகழி, சாமுராய்கள் குடியிருந்த தெரு, கோயில் தெரு, வியாபாரிகள் தெரு எல்லாம் நடந்தே பார்க்கிற தூரத்தில் கிடக்கின்றன. ஒகாயாமா வரை புல்லட் ரயில், அங்கிருந்து 'யாகுமோ' என்ற விரைவு ரயிலில் மலையைத் தாண்டி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே நாளில் போய்த் திரும்பாதீர்கள். ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் விடிகாலையில் அகழிக் கரையில் நடந்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி (வாடிப்பட்டி வாசகர்): 'கோட்டையையே ஏலம் விட்டார்கள்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். கோட்டையை யாராவது ஏலம் விடுவார்களா ஐயா?

விட்டார்கள். இதை ஒரு வரியில் முடித்தது என் தப்பு. இப்போது சேர்த்துச் சொல்கிறேன்.

அந்தக் கோட்டையைக் கட்டியவர் ஹோரியோ யோஷிஹாரு என்ற சிற்றரசர். வேலை 1607-ல் தொடங்கி 1611-ல் முடிந்தது. ஏறக்குறைய 30 மீட்டர் உயரம், வெளிச்சுவரில் கறுப்புப் பலகை, மேல் மாடியில் நாலு பக்கமும் திறந்த அறை. பிற்பாடு புது அரசாங்கம் வந்து 1871-ல் சிற்றரசுகளை எல்லாம் கலைத்துவிட்டது. அதற்கப்புறம் கோட்டை எதற்கு? ஊர் ஊராக இடிக்க ஆரம்பித்தார்கள். 1875-ல் மட்சுயேயின் முறை வந்தது. மதில், வாசல், காவல் மாடம் எல்லாம் போய், நடுக் கோபுரத்துக்கு வந்த விலை 180 யென். கோட்டையாக வைத்துக்கொள்ள யாரும் அந்த விலை கேட்கவில்லை. மரத்துக்கும் இரும்புக்குமான விலை அது.

அப்போது கட்சுபே மோட்டோஎமொன் என்ற பெரிய விவசாயியும், தகாகி கொன்பாச்சி என்ற பழைய சாமுராயும் சேர்ந்து அதே 180 யென்னைத் திரட்டி அரசாங்கத்திடம் கட்டிக் கோபுரத்தை மீட்டார்கள். ஒருவர் நிலத்துக்காரர், இன்னொருவர் வேலை போன வீரர். ஜப்பானில் பழைய கோபுரம் அப்படியே நிற்கிற கோட்டைகள் இன்றைக்கு 12 தான். அதில் இது ஒன்றாக இருப்பதற்கு இந்த இரண்டு பேர்தான் காரணம்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. என் தொழிலுக்கு நெருக்கமானது என்பதால் அதைச் சொல்லும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. கோட்டையைத் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் பல காலம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எந்த வருஷம் கட்டியது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டியிருந்தது. 2012-ல் கோட்டை வளாகத்திலேயே இருக்கும் ஒரு கோயிலில் இரண்டு பிரார்த்தனைப் பலகைகள் கிடைத்தன. அதில் எழுதியிருந்த வருஷம் 1611. சரி, இந்தப் பலகை இந்தக் கட்டடத்தில்தான் இருந்தது என்று எப்படி நிரூபிப்பது? பலகையில் ஆணி அடித்த ஓட்டை இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கோபுரத்தின் அடித்தளத்துத் தூண்களில் வைத்துப் பார்த்தார்கள். தூணில் இருந்த ஆணி ஓட்டையும் பலகையில் இருந்த ஓட்டையும் பொருந்தின. 2015-ல் தேசியப் பொக்கிஷம் என்ற அறிவிப்பு வந்தது.

நீங்கள் போனால் மேல் மாடிக்கு அவசரப்பட்டு ஏறாமல் அந்த அடித்தளத்தில் பத்து நிமிஷம் நில்லுங்கள். முற்றுகை நாளுக்காக உள்ளேயே தோண்டிய கிணறு அங்கே இருக்கிறது. மாடிகளில் தூண்களைச் சுற்றிப் பலகை வைத்து இரும்புப் பட்டை போட்டுக் கட்டியிருப்பதையும் பாருங்கள். நான் கை வைத்துப் பார்த்தேன். நானூறு வருஷ மரம் வழவழவென்று, நம் வீட்டுப் பழைய திண்ணைத் தூண் மாதிரி இருந்தது.

கேள்வி (தெப்பக்குளம் வாசகி): அகழியில் படகு விடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு 71 வயது, மூட்டு வலி. கூட்டிக்கொண்டு போகலாமா?

போகலாம். ஆனால் படகில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில்தான் உட்கார வேண்டும். அது ஒன்றுதான் சிரமம். ஏறும்போதே படகுக்காரரிடம் முழங்காலைத் தொட்டுக் காட்டுங்கள், புரிந்துகொள்வார். 3.7 கிலோமீட்டர் சுற்று, சுமார் 50 நிமிஷம்.

பாலங்கள் பதினைந்துக்கு மேல் வரும். சில பாலங்கள் ரொம்பத் தாழ்வு. அங்கே வரும்போது படகின் கூரையே கீழே இறங்கும், எல்லாரும் முன்னால் குனிந்து முழங்காலைத் தொட வேண்டும். பாலத்தின் அடிப்பக்கம் தலைக்கு ஒரு சாண் மேலே ஓடும். என் பேரன் குனியாமல் மல்லாந்து படுத்துக்கொண்டான். படகுக்காரர் அவனைப் பார்த்துவிட்டு, அடுத்த பாலத்துக்கு எல்லாரையும் அப்படியே படுக்கச் சொன்னார்! அம்மாவுக்கு அது வசதியாக இருக்கும்.

பனிக்காலத்தில் போனால் படகுக்குள் ஒரு குட்டை மேஜை, அதன்மேல் மெத்தைப் போர்வை, அடியில் கணப்பு. காலை உள்ளே நீட்டிக்கொண்டால் மூட்டு வலிக்கு இதமாக இருந்தது என்று என் வீட்டுக்காரியே சொன்னாள். ஜனவரியில் இரண்டு தடவை அதற்காகவே போனோம்.

கேள்வி (மேலூர் வாசகர்): சர்வேயர் கண்ணில் அந்த ஊரின் தெருக்கள் எப்படி இருந்தன? நம் மதுரைத் தெருக்கள் மாதிரி ஒழுங்கா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

மதுரையின் ஒழுங்கு நடுவில் இருந்து விரிகிற ஒழுங்கு. மீனாட்சி கோயில், அதைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. சாமி புறப்பட்டுச் சுற்றி வருவதற்கென்று போட்ட தெருக்கள், தேர் திரும்ப வசதியாக.

மட்சுயேயில் எதிரி உள்ளே வந்தால் தடுமாற வேண்டும் என்று தெரு போட்டிருக்கிறார்கள். தோனோமாச்சி என்ற பகுதியில் நேராகப் போகிற தெரு திடீரென்று ஒரு பக்கம் திரும்பி, பத்தடி போய், மறுபடி பழைய திசைக்கே வரும். கொக்கி மாதிரி. முதல் நாள் நின்று பார்த்தபோது யாரோ அளவை தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் மகள் விளக்கினாள். கூட்டமாக ஓடி வருகிற படை அந்த மூலையில் தேங்கும், மறைந்திருப்பவர்களுக்கு அது வசதி. இன்னொரு தெருவில் வீட்டு மனைகள் தெருவோடு ஒட்டாமல், ரம்பப் பல் மாதிரி ஒவ்வொன்றாகச் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு வீட்டு முன்னாலும் ஒரு முக்கோண இடுக்கு. அதில் ஒரு ஆள் ஒளியலாம். இன்றைக்கு அந்த இடுக்கில் பூந்தொட்டியும் சைக்கிளும் நிற்கின்றன.

வடக்கு அகழியை ஒட்டி ஷியோமி நவாதே என்று அரை கிலோமீட்டர் தெரு, ஒரு பக்கம் தண்ணீர், பைன் மரங்கள், மறுபக்கம் சாமுராய் வீடுகளின் நீள மதில். ஷியோமி என்பது அங்கே குடியிருந்து பெரிய பதவிக்குப் போன ஒரு சாமுராயின் பேர். ஒருவருடைய பேர் தெருவுக்கு நின்றுவிடுவது நமக்குப் புதிதில்லை. பெருமாள் மேஸ்திரி வீதியில் தினமும் நடக்கிறோம்.

அந்தத் தெருவில் இருக்கும் சாமுராய் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். பெரிய தீ விபத்துக்குப் பிறகு 1733-ல் கட்டியது. விருந்தாளி உட்காரும் முன் பகுதியில் மரம் உசத்தி. வீட்டு மனுஷர்கள் புழங்கும் பின் பகுதிக்கு வந்தால் மரம் சாதாரணம், கூரையும் சாதாரணம். நம் ஊரில் முன் ஹாலுக்கு மார்பிள் போட்டு அடுப்படிக்குச் சிமெண்டோடு விடுவோமே, அதே கணக்கு.

தொழில் பேரிலும் தெருக்கள் உண்டு. சாமாச்சி என்றால் தேயிலைத் தெரு, உவோமாச்சி என்றால் மீன் தெரு, தெராமாச்சி என்றால் கோயில் தெரு. எனக்கு உடனே வெண்கலக்கடைத் தெரு ஞாபகம் வந்தது.

கேள்வி (உசிலம்பட்டி கல்லூரி மாணவி): அந்த ஊரில் பேய்க் கதைகள் நிறைய உண்டாமே? அதையெல்லாம் எழுதி வைத்தவர் வெளிநாட்டுக்காரராமே?

ஆமாம்மா. லஃப்காடியோ ஹெர்ன். 1850-ல் கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்தவர். 1890-ல் மட்சுயேக்கு ஆங்கில ஆசிரியராக வந்தார். சாமுராய் குடும்பத்துப் பெண்ணான கொய்சுமி செட்சுவைக் கல்யாணம் செய்துகொண்டு, பிற்பாடு கொய்சுமி யாகுமோ என்று பேரையே மாற்றிக்கொண்டார். நான் சொன்ன ரயிலுக்கும் அதே பேர்தான், ஆனால் அது அந்தப் பகுதியைக் குறிக்கும் பழைய கவிதைச் சொல்லிலிருந்து வந்தது. மட்சுயேயில் இருந்தது ஒன்றேகால் வருஷம்தான். அவர் குடியிருந்த வீடு ஷியோமி நவாதேயில் இருக்கிறது. சின்ன வீடு. அறைகளைச் சுற்றி மூன்று பக்கமும் தோட்டம். பாயில் உட்கார்ந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சைதான் தெரியும்.

பேய்க் கதைக்கு வருகிறேன். ஊருக்கு மேற்கே கெஷ்ஷோஜி என்று ஒரு கோயில். மட்சுயேயை ஆண்ட மட்சுதைரா வம்சத்து முதல் ஒன்பது பேரின் சமாதிகளும் அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு சமாதிக்கும் தனி வாசல். ஏழாமவரின் வாசலில் திராட்சைக் கொடியைச் செதுக்கியிருப்பார்கள், தொட்டுப் பார்க்கச் சொல்லும் அந்த வேலைப்பாடு. ஆறாமவருக்காக வைத்த கல்வெட்டு ஒரு பெரிய கல் ஆமையின் முதுகில் நிற்கிறது. அந்த ஆமை ராத்திரி எழுந்து உலாத்தியது என்றும், தாமரைக் குளத்தில் நீந்தியது என்றும் சொல்வார்கள். அடக்கி வைக்கத்தான் முதுகில் அந்தக் கல்லை ஏற்றினார்கள் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி பேரனிடம் சொன்னார். ஆமையின் தலையைத் தடவினால் ஆயுசு கெட்டி. எல்லாரும் தடவித் தடவி மூக்கு மினுமினுக்கிறது. பேரனுக்கு எட்டவில்லை, தூக்கிக் காட்டினேன். ஜூனில் போனால் அங்கே நீலப் பூப் புதர்கள் பூத்துக் கிடக்கும், சமாதி என்ற பயமே தெரியாது.

அப்புறம் ஒரு பாலம். அந்தப் பாலத்தைக் கடக்கும்போது குறிப்பிட்ட ஒரு பாட்டைப் பாடக் கூடாது, பாடினால் பெரிய கேடு வரும் என்று ஹெர்ன் எழுதியிருக்கிறார். நம் ஆட்களுக்கு இது சுலபமாகப் புரியும். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பு கதவுக்கு முன்னால் நின்று பொய்ச் சத்தியம் செய்ய யாருக்காவது வாய் வருமா?

என்னை ரொம்ப நாள் விடாமல் பிடித்தது பேய் இல்லை, ஓஹாஷி என்ற பெரிய பாலத்தின் கதை. கோட்டை கட்டிய காலத்தில் அந்தப் பாலத்தின் நடுத் தூண் நிற்கவே இல்லையாம். எத்தனை கல் கொட்டினாலும் ஆறு விழுங்கியது. கடைசியில், உடுப்பில் இருக்க வேண்டிய ஒரு தைத்த துண்டு இல்லாமல் பாலத்தை முதலில் கடக்கிறவனை உயிரோடு தூணடியில் புதைப்பது என்று முடிவு செய்தார்கள். வந்து மாட்டினவன் பேர் கென்சுகே. அப்புறம் தூண் நின்றது, அதற்கு அவன் பேரே நின்றது. இப்போது இருக்கும் பாலம் 1937-ல் முடிந்தது. அந்த வேலையின்போது ஒரு பொறியாளர் விபத்தில் இறந்துபோனார். பாலத்தின் தென் கரையில் கென்சுகேக்கு ஒரு கல் இருக்கிறது, அந்தப் பொறியாளருக்கும் பக்கத்திலேயே நினைவுக் கல் வைத்திருக்கிறார்கள். அளவை வேலையில் ஆற்றுக்குள் இறங்கி நின்ற நாள்களை நினைத்துக்கொண்டு அங்கே நின்றேன். வாரம் ஒரு முறையாவது அந்தப் பக்கம் போவேன்.

கேள்வி (அழகர்கோவில் வாசகர்): நம் சித்திரைத் திருவிழா மாதிரி ஊரே திரளும் திருவிழா அங்கே உண்டா?

உண்டு, ஆனால் பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான். முன்பெல்லாம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாம். 2019 மே மாதம் நாங்கள் அங்கே இருந்தது எங்கள் கொடுப்பினை. அடுத்தது 2029-ல் வரவேண்டும்.

கோட்டைக் காட்டுக்குள் ஜோசான் இனாரி என்று ஒரு கோயில். 1638-ல் மட்சுதைரா நாவோமாசா என்ற அரசர் ஏற்படுத்தினார். 1648-ல் பருவம் கெட்டு விளைச்சல் கெடும் என்று பயந்தபோது, அந்தச் சாமியைப் படகில் ஏற்றி ஆற்று வழியாக அதாகாயா என்ற இன்னொரு கோயிலுக்குக் கொண்டுபோய் வேண்டிக்கொண்டார்கள். அதிலிருந்து வழக்கமாயிற்று. 1808-ல் அப்படிப் போகும்போது காற்றிலும் மழையிலும் சாமிப் படகு தத்தளித்தது. மகாதா என்ற ஊர் மீனவர்கள் ஓடி வந்து காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். அன்றிலிருந்து துணைக்குப் போகும் உரிமை அவர்களுக்கு. இப்போது ஐந்து ஊர்ப் படகுகள் அலங்காரத்தோடு போகின்றன. எல்லாம் சேர்த்து நூறு படகு இருக்கும்.

1648 என்றால் நமக்கு எந்தக் காலம்? திருமலை நாயக்கர் (1623–1659) காலம். தெப்பக்குளம் வெட்டி மூன்று வருஷம். தேனூரில் நடந்துகொண்டிருந்த அழகர் விழாவை மதுரைக்குக் கொண்டுவந்து மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்ததும் அவர்தான் என்று சொல்கிறோம். இங்கே அழகர் மலையிலிருந்து இறங்கி வைகைக்கு வருகிறார், அங்கே அதே காலத்தில் ஒரு சாமி கோட்டை மலையிலிருந்து இறங்கி ஆற்றுக்கு வந்திருக்கிறது. கரையில் நின்ற எனக்கு இதை நினைத்து உடம்பு சிலிர்த்தது.

காட்சியைச் சொல்கிறேன். துடுப்பு போடுகிறவர்கள் "ஹோ...ரன் என்யா" என்று இழுத்துப் பாடுகிறார்கள். படகு மூக்கில் ஒருத்தர் கட்டைத் துடுப்பை வாள் மாதிரி சுழற்றி ஆடுகிறார். பின்னால் பெண் வேஷம் கட்டிய பையன் வண்ணக் காகிதம் கட்டிய மூங்கிலை ஆட்டிக்கொண்டு மல்லாந்து வளைகிறான். பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த தடவை பார்ப்போமோ மாட்டோமோ என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒன்பதாம் நாள் சாமி திரும்பி வந்துவிட்டது.

அந்த ஜோசான் இனாரிக்கு விழா இல்லாத நாளிலும் போங்கள். கோட்டைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. கோயிலுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான நரிச் சிலைகள். கல்லிலும் பீங்கானிலும். இனாரி சாமிக்கு நரிதான் தூதர். ஒன்றுக்குக் காது இல்லை, ஒன்றுக்கு முகமே மழையில் கரைந்துவிட்டது, பாசி ஏறியிருக்கிறது. யாரும் எடுத்துப் போடுவதில்லை, புதிதாகப் பூசுவதுமில்லை. நம் பக்கம் ஐயனார் கோயில்களில் புரவி எடுப்பு முடிந்ததும் மண் குதிரைகளை மரத்தடியில் அப்படியே விடுவோம் இல்லையா, கால் உடைந்து, வெயிலில் வெளுத்து நிற்குமே, அந்த அமைதி அங்கேயும் இருந்தது.

கேள்வி (சிம்மக்கல் வாசகி): நாங்கள் சைவம். அங்கே என்ன சாப்பிடுவது?

கஷ்டம்தான், மறைக்கவில்லை. கோதுமை மாதிரி ஒரு தானியத்தில் கறுப்பு நூடுல்ஸ் செய்து மூன்றடுக்கு வட்டப் பெட்டியில் தருவார்கள், ஊர் ஸ்பெஷல். ஆனால் அதில் ஊற்றும் சாற்றில் மீன் உண்டு. ஏரியில் கிடைக்கும் சின்னச் சிப்பியைப் போட்ட சூப்தான் காலை உணவு. புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டுபோய்விடுங்கள். நாங்கள் அதில்தான் ஓட்டினோம்.

ஆனால் தேநீரும் இனிப்பும் உங்களுக்கு நிறைய உண்டு. ஏழாவது அரசர், ஃபுமாய் என்று பேர் (1751–1818), தேநீர்ச் சடங்கில் பெரிய ஆள். அவர் காலத்திலிருந்து அந்த ஊர்ச் சாதாரண வீட்டிலும் பச்சைத் தேநீர்ப் பொடியைக் கிண்ணத்தில் அடித்துக் குடிக்கிறார்கள். நாம் பதினோரு மணிக்கு டீ குடிப்பது மாதிரி. அவர் ரசனைப்படி 1779-ல் கட்டிய மெய்மெய்அன் என்ற ஓலைக் கூரைத் தேநீர்க் குடில் ஒரு சின்னக் குன்றின்மேல் இருக்கிறது. அங்கே ஏறினால் கோட்டை தெரியும், கூட்டம் இருக்காது. தேநீரோடு இனிப்பு தருவார்கள். 'வகாகுசா' என்றால் இளம்புல் என்று அர்த்தம். அரிசி மாவுத் துண்டின்மேல் பச்சை நிறப் பொடி. பல்லில் கொஞ்சம் ஒட்டும், நம் பால்கோவா தித்திப்புக் கிடையாது. இனிப்பை முதலில் முடித்துவிட்டு அப்புறம் கசப்புத் தேநீரைக் குடிக்க வேண்டும். முதல் நாள் நான் மாற்றிச் செய்தேன், அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் இன்னொரு துண்டு கொண்டுவந்து வைத்தார்.

கேள்வி (திருப்பரங்குன்றம் வாசகி): மகளுக்கு வரன் பார்க்கிறோம். வேண்டிக்கொள்ள அங்கே கோயில் உண்டா? மருமகன் வழியில் ஒருவர் அங்கே போகிறார்.

யாயெகாகி கோயில். ஊருக்கு வெளியே, பஸ் போகும். எட்டுத் தலைப் பாம்பைக் கொன்று இனாதா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்ட சுசானோ சாமியின் கோயில். சூரனை வென்று கல்யாணம் நடந்த ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பின்னால் காட்டுக்குள் ஒரு குளம். அங்கே விற்கும் மெல்லிய தாளைத் தண்ணீரில் விட்டு நடுவில் ஒரு காசு வைக்க வேண்டும். சீக்கிரம் முழுகினால் சீக்கிரம் கல்யாணம், பக்கத்தில் முழுகினால் வரனும் பக்கத்தில். நல்ல செய்தி வரட்டும் அம்மா.

கேள்வி (கீழவாசல் வாசகர்): ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, 'மதுரையிலும் கோட்டை இருந்தது என்கிறார்களே, நம் அகழி எங்கே போச்சு?' என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை.

தம்பி, நீ தினமும் அதன்மேல்தான் நடக்கிறாய்.

விசுவநாத நாயக்கர் கட்டிய வெளிக்கோட்டைக்கு 72 கொத்தளம் என்பார்கள், 72 பாளையத்துக்கு ஒவ்வொன்று. 1840-களை ஒட்டி, பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது, ஊர் நெரிசல் தாங்காமல் மதிலை இடித்து அந்த மண்ணாலேயே அகழியைத் தூர்த்தார்கள். வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி வந்தவை. மாரட் அளவை பார்த்தவர் என்றும் பெருமாள் இடிப்பு வேலையை நடத்திய மேஸ்திரி என்றும் சொல்வார்கள். இடித்ததைக் குறை சொல்ல நான் வரவில்லை. அன்றைக்கு அகழி நாறிக் கிடந்தது, ஜனங்களுக்கு மனை வேண்டியிருந்தது. ஆனால் 180 யென் கட்டி மீட்ட இரண்டு பேரைப் பற்றி எழுதும்போது மனசு இங்கே வந்து வந்து போனதை மறைக்க முடியவில்லை.

மிச்சம் இருப்பதைக் காட்டுகிறேன். பெரியார் பஸ் நிலையம் பக்கத்தில் மேலவாசல் கொத்தளம் கல்லும் சுண்ணாம்புமாக நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நவபத்கானா தெரு என்ற பேரில் நாயக்கர் அரண்மனை நகாரா முரசு அடித்த இடம் ஒளிந்திருக்கிறது. விளக்குத்தூண், அதே பிளாக்பர்னுக்காக வைத்தது. அதற்குப் பக்கத்துச் சந்தில் பத்துத்தூண். அரண்மனையின் அழிந்த பகுதியில் மிஞ்சிய பத்துக் கல்தூண்கள். சேலைக் கடைகளுக்கு நடுவில் நிற்பதால் மேலே பார்க்க யாருக்கும் நேரமில்லை. கடை திறந்துவிட்டால் தூணின் அடிப்பாகம் துணி மூட்டையில் மறைந்துவிடும்.

அதனால் கடை திறக்கும் முன் பார்க்க வேண்டும். வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு நான் விளக்குத்தூண் அடியில் நிற்கிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. பழைய சங்கிலியை எடுத்து வருகிறேன், ஒரு தூணின் சுற்றளவை நாம் இரண்டு பேரும் சேர்ந்து அளந்து உன் நோட்டில் எழுதிக்கொள்ளலாம். மற்ற வாசகர்களும் வரலாம், ஏழரைக்குள் முடித்துவிடுவோம்.